சிறிய பெட்டியும் பெரிய கணக்கும்

எந்தப் பொருளை வாங்கப் போனாலும் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, "என்ன விலை?" என்பது. அடுத்த கேள்வி, "எத்தனை நாள் உழைக்கும்?" என்பது. சைக்கிள் வாங்கும்போதும், தையல் இயந்திரம் வாங்கும்போதும், கிணற்றுக்கு மோட்டார் வாங்கும்போதும் நம் பெற்றோர் இந்த இரண்டாவது கேள்வியை மறந்ததில்லை. கணிப்பொறி என்று வந்தவுடன் மட்டும் அந்தக் கேள்வி எங்கோ காணாமற் போய்விடுகிறது. காரணம் விளங்கக்கூடியதே. மோட்டார் கெட்டால் எதைக் கழற்ற வேண்டும் என்று ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும். கணிப்பொறிக்குள் என்ன இருக்கிறதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையின் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை கடைக்காரர் முகத்தைப் பார்க்கும்!

ஆகவே இக்கட்டுரை. மேசைக் கணிப்பொறிகளில் இப்போது பலரும் விரும்பிக் கேட்பது கையடக்கமான சிறு பெட்டி வகை. ஒரு சாணுக்கு ஒரு சாண், இரண்டு விரல் உயரம். கொள்ளளவில் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். ஆதலால் இதனை 'ஒரு லிட்டர் கணிப்பொறி' என்றே தொழிலில் அழைக்கிறார்கள். லெனோவோ நிறுவனத்தின் 'டைனி', டெல் நிறுவனத்தின் 'மைக்ரோ', எச்.பி. நிறுவனத்தின் 'மினி' ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்டெல் நிறுவனம் 'நக்' என்ற பெயரில் பத்தாண்டுக் காலம் இவ்வகைப் பெட்டிகளைச் செய்து, 2023 ஜூலையில் அத்தொழிலைக் கைவிட்டது. அசுஸ் நிறுவனம் அதை ஏற்று நடத்துகிறது. அதே 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 அன்று, மடிக்கணினி முதலியவற்றின் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று இந்திய அரசு அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் 'மிகச்சிறு வடிவக் கணிப்பொறி' என்றே ஓர் இனம் தனியாக இடம்பெற்றது. மறுநாளே அந்த ஆணை தள்ளிவைக்கப்பட்டு, நவம்பர் முதல் எளிதான ஒரு பதிவு முறையாக மாறியது வேறு கதை. சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்கு இந்தச் சிறு பெட்டி வளர்ந்துவிட்டது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

நிற்க. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளேதான் இரண்டு சாதி. ஒன்றில் நினைவகமும் (கடைவழக்கில் ரேம்), சேமிப்பகமும் (எஸ்.எஸ்.டி.) தனித்தனிச் சில்லுப் பலகைகளாக ஸ்லாட்டுகளில் செருகப்பட்டிருக்கும். திருப்புளியால் இரண்டு திருகாணியைக் கழற்றினால் எடுத்துவிடலாம், வேறொன்றைச் செருகலாம். மற்றொன்றில் அவை தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். வாங்கிய அன்று 8 ஜி.பி. என்றால் ஆயுள் முழுதும் 8 ஜி.பி.தான். வாங்குபவர் எந்தச் சாதியைத் தேர்ந்தெடுப்பது? முதல் வகை சற்று விலை கூடுதலாகவோ, அதே விலைக்குச் சற்று வேகம் குறைவாகவோ இருக்கிறது. எதிர்காலத்தில் கூட்டிக்கொள்ளும் வசதிக்காக இன்று எவ்வளவு பணம் கொடுக்கலாம்? இதுவே கேள்வி.

சைக்கிளை வைத்துச் சொன்னால் நம் மாவட்டத்தாருக்கு எளிதில் விளங்கும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது நாடறிந்த வரலாறு. அந்தச் சைக்கிள்கள் எப்படி இத்தனை காலம் ஓடின? எந்த நிறுவனம் செய்த வண்டியானாலும் 28 அங்குல டயர் 28 அங்குல டயர்தான். கீரனூரில் வாங்கிய டியூப் ஆலங்குடியில் வாங்கிய வண்டிக்குப் பொருந்தும். செயினும், பெடலும், பால்ரஸும் அப்படியே. பொது அளவு என்று ஒன்று இருந்ததனால், ஒரு மரத்தடிக் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் மருத்துவராக இருக்க முடிந்தது. கணிப்பொறி உலகில் அந்த 28 அங்குல டயருக்கு நிகரானது 'சோடிம்' என்னும் ரேம் பலகையும், 'எம்.2' என்னும் சேமிப்பகப் பலகையும். யார் செய்த பெட்டியானாலும் இவை பொருந்தும். ஒரே எச்சரிக்கை: டி.டி.ஆர்.4 வகைப் பெட்டியில் டி.டி.ஆர்.5 பலகை ஏறாது. காடியின் இடமே வேறு. எம்.2 ஸ்லாட்டிலும் சேட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு இனம் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

இனி, மூடிய பெட்டிக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். ஆப்பிள் நிறுவனத்தின் 'மேக் மினி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005-இல் முதலில் வந்தது. 2012-ஆம் ஆண்டு வடிவத்தில் அடிமூடியைக் கையால் திருகித் திறந்து ரேமை மாற்றிக்கொள்ளலாம். 2014-இல் ரேமைப் பற்றாசு வைத்து ஒட்டிவிட்டார்கள். 2018-இல் மறுபடி ஸ்லாட் கொடுத்தார்கள். ஆனால் திறப்பது கடினமாயிற்று. 2020-இல் அவர்கள் சொந்தச் செயலிக்கு மாறியபோது நினைவகத்தைச் செயலியின் உறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இதற்கு வணிகத் தந்திரம் மட்டும் காரணமன்று. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே கம்பித்தடம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அதிக வேகத்தில் செய்தி செல்லும் என்பது இயற்பியல். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் விலைப்பட்டியலைப் பாருங்கள். 2024 நவம்பரில் எம்4 செயலியோடு மேக் மினி வந்தபோது, 16 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. சேமிப்பகமும் கொண்டது இந்தியாவில் 59,900 ரூபாய். மாணவர்க்கு 49,900. நல்ல விலைதான், அந்த வேகத்துக்கு அந்த விலை மலிவு என்றே சொல்ல வேண்டும். சேமிப்பகம் மட்டும் 512 ஆனால் 79,900. நினைவகமும் 24 ஆனால் 99,900. படிக்கு 20,000 ரூபாய்! அன்று கடையில் தனியாக 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று அந்த 20,000-த்தில் கால் பங்குக்கும் குறைவாகவே கிடைத்தது. பெட்டியை மூடிவிட்டவரிடம்தான் உள்ளே போகும் பொருளையும் வாங்க வேண்டும். அவர் சொன்னதே விலை. கல்யாண மண்டபத்தில் 'எங்கள் சமையற்காரரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்' என்று சொல்வார்களே, அது போல.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்கின் பொருட்டு நானே வைத்துக்கொண்டவை. உங்கள் கடையில் கேட்ட விலையைப் போட்டு நீங்களும் செய்து பார்க்கலாம். மூடிய பெட்டி, 8 ஜி.பி., 28,000 ரூபாய். திறந்த பெட்டி, 8 ஜி.பி., ஒரு ஸ்லாட் காலி, 31,000 ரூபாய். மூன்றாம் ஆண்டில் 16 ஜி.பி. தேவைப்படுகிறதென்று கொள்வோம். மூடிய பெட்டிக்காரர் பழையதைப் பாதி விலைக்கு, அதாவது 14,000-க்கு விற்று, 16 ஜி.பி. பெட்டி ஒன்றை 34,000-க்கு வாங்க வேண்டும். கையிலிருந்து மேலும் 20,000. ஆக மொத்தம் 48,000. திறந்த பெட்டிக்காரர் 6,000 ரூபாய்க்கு ஒரு பலகை வாங்கிச் செருகுகிறார், மொத்தம் 37,000. மீதம் 11,000. தேவையே ஏற்படவில்லை என்றால்? திறந்த பெட்டிக்காரருக்கு 3,000 நட்டம்.

நிகழ்தகவு படித்தவர்கள் அடுத்த வரியை எழுதிவிடுவார்கள். தேவை ஏற்படும் வாய்ப்பு 'பி' என்றால், 11,000 பி-யும் 3,000 (1 - பி)-யும் சமமாகும் இடம் பி = 3/14. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. 'எனக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புக்கு மேல் இருக்கிறது' என்று நினைப்பவர் திறந்த பெட்டியை வாங்கலாம். இல்லாதவர் மூடியதையே வாங்கி 3,000 ரூபாயைப் பையில் வைத்துக்கொள்ளலாம். கடிதமும் கணக்கும் எழுத மட்டுமே கணிப்பொறி வேண்டும் என்கிற வணிகவியல் நண்பருக்கு என் வாதம் பொருந்தாது. அவரை நான் வற்புறுத்தப் போவதுமில்லை. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் மாணவரின் நிலை வேறு. முதலாண்டில் சி மொழி. அதற்கு 4 ஜி.பி.யே மிகை. இரண்டாம் ஆண்டில் பைத்தான். மூன்றாம் ஆண்டில் திட்டப்பணி என்று வந்தால் படங்களையும் பெரிய அட்டவணைகளையும் உள்ளே ஏற்ற வேண்டியிருக்கும். கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறியை ஓட்ட வேண்டியிருக்கும். நம் தேவை ஆண்டுக்காண்டு வளர்வது நிச்சயம். 'பி' பாதிக்கும் மேல் என்பது என் மதிப்பீடு.

இந்தக் கணக்கு விட்டுவிட்ட ஒன்று உண்டு. அது பணம் வரும் விதம். 37,000-மும் 48,000-மும் நம் கையில் ஒரே நாளில் இருப்பதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாணவர் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் என்றே போட்டன. அம்மாவின் குழுக்கடன் தவணை வாரமோ மாதமோ. அப்பாவின் கூலி வேலை இருக்கும் நாளுக்கு மட்டும். துளித்துளியாக வரும் பணத்துக்குத் துளித்துளியாக வளரக்கூடிய பொருள்தான் ஒத்துவரும். மாதச் சம்பளம் வாங்கும் வீட்டார், 'தேவையானதை இன்றே முழுதாக வாங்கிவிடு. பிறகு கூட்டுவது வீண்வேலை' என்று அறிவுரை சொல்வார்கள். அவர்கள் நிலைமையில் அது சரியான அறிவுரை. நம்முடையதில் அப்படி ஆகாது.

என் தந்தையார் கொத்தனார். ஒரு தளம் மட்டும் போட்டு நிறுத்தும் வீடுகளில் தூண்களின் கம்பியை மொட்டை மாடிக்கு மேலே இரண்டு மூன்று அடி நீட்டிவிட்டு, துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் சிமெண்டுப் பால் பூசுவார்கள். மகன் வெளிநாடு போய்ப் பணம் அனுப்பினால் மேல்தளம் எழும்பும். அறந்தாங்கிப் பக்கம், ஆலங்குடிப் பக்கம் எங்கே பார்த்தாலும் அந்தக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். பல வீடுகளில் பத்து ஆண்டாகியும் தளம் எழும்பவில்லை. கம்பியில் துணி காய்கிறது! அதற்காக யாரும் கம்பியை வெட்டிவிடுவதில்லை. கம்பி நீட்டுவதற்கு ஆகும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறிது. நீட்டாமல் விட்டுவிட்டுப் பின்னால் தூணைக் கொத்தி ஒட்டுப் போடுவது பெருஞ்செலவு. காலி ஸ்லாட்டும் அத்தகையதே என்று நான் வீட்டில் விளக்கியபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அஸ்திவாரம் தாங்குமா?"

அந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் பாதி. மேல்தளத்துக்குக் கம்பி விட்டிருந்தாலும், அடியில் அஸ்திவாரம் ஒரு தளத்துக்கு மட்டும் தோண்டியதாக இருந்தால் கம்பியால் என்ன பயன்? கணிப்பொறியில் அஸ்திவாரம் என்பது செயலியும், அதை ஏற்கும் இயங்குதளமும். 2015, 2016 ஆண்டுகளில் வந்த சிறு பெட்டிகள் இன்று பழைய பொருள் சந்தையில் ஏராளம். பெரிய அலுவலகங்கள் நூறு நூறாகக் கழித்துவிட்டவை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து திருச்சி வழியாக நம் ஊர்க் கடைகளுக்கும் வருகின்றன. அவற்றின் கட்டமைப்பு அற்புதமானது. இரண்டு ரேம் ஸ்லாட், 32 ஜி.பி. வரை ஏற்கும், எம்.2 ஒன்று, இரண்டரை அங்குல வட்டுக்கு இடம், பலவற்றில் செயலியையே கழற்றி மாற்றலாம். ஆனால் 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் தந்தார்கள். ஆக, 32 ஜி.பி. போட இடமிருக்கிறது, போட்டாலும் வாசலில் காவற்காரர் உள்ளே விடமாட்டார்.

இந்தப் பழைய பெட்டிகளில் தலைமுறையை அறிவது எளிது. செயலியின் பெயரில் இடைக்கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்ணைப் பாருங்கள். ஐ5-6500டி என்றால் ஆறாம் தலைமுறை; ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. பின்னால் உள்ள 'டி' 35 வாட் அளவில் அடங்கும் வகை என்பதற்கு அடையாளம். இந்த ஓர் எண் வேறுபாடு சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு. நானாக இருந்தால் அந்தச் சில ஆயிரத்தைக் கொடுத்து எட்டாம் தலைமுறையை எடுப்பேன். ரேமைக் குறைவாக எடுப்பேன். பின்னால் மாற்ற முடியாததற்கு இன்று பணம் கொடுக்க வேண்டும். மாற்ற முடிந்ததற்குப் பின்னால் கொடுத்துக்கொள்ளலாம்.

'விண்டோஸ் இல்லாவிட்டால் என்ன? லினக்ஸ் இருக்கிறதே!' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நிறையவே உண்மை இருக்கிறது. லினக்ஸ் இலவசம், ஆறாம் தலைமுறைப் பெட்டியில் சிரமமின்றி ஓடும், சி, பைத்தான், லிப்ரே ஆபீஸ் எல்லாம் உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸைச் செய்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் அது விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று அண்ணன் அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். லினக்ஸைத் தானே நிறுவி, பழுது வந்தால் தானே தேடிச் சரிசெய்யும் பொறுமை உள்ளவருக்குப் பழைய பெட்டி பொன்னான வாய்ப்பு. வீட்டில் தம்பி தங்கைக்கும் சேர்த்து வாங்குபவர் யோசித்துச் செய்க.

சரி, 'பின்னால் வாங்கிக்கொள்ளலாம், பின்னால் மலிவாகும்' என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? கணிப்பொறி உதிரிப் பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு விலை குறையும் என்பது நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. 2025-ஆம் ஆண்டின் பிற்பாதியில் அந்த வேதம் பொய்த்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகெங்கும் எழும்பவே, சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய நினைவக உற்பத்தியாளர்களும் தம் ஆலைகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். சில மாதங்களில் ரேம் விலை இரு மடங்கைத் தாண்டியது. 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்ற சில்லறை வாங்குவோருக்கென்று நடத்திவந்த 'குரூஷியல்' வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. ஏழை மாணவரின் கணிப்பொறி என்று 2012-இல் 35 டாலரில் தொடங்கிய ராஸ்பெர்ரி பையும் அதே டிசம்பரில், நினைவக விலையைக் காரணம் காட்டி, தன் விலையை ஏற்றியது. எங்கோ அமெரிக்காவில் எழும்பும் கட்டடத்துக்கும் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் நாம் கேட்கும் 8 ஜி.பி. பலகையின் விலைக்கும் தொடர்பு இருக்கிறதென்றால் நம்ப முடிகிறதா?

இதனால் திறந்த பெட்டிக்கான என் வாதம் உடைந்துவிட்டதாகச் சிலர் கருதலாம். என் கணக்கில் 6,000 என்று போட்ட பலகையை 9,000 என்று போட்டுப் பாருங்கள். மொத்தம் 40,000, அப்போதும் மீதம் 8,000. அதுவும், மூடிய பெட்டிக்கும் விலை ஏறும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மேலும், திறந்த பெட்டிக்காரருக்குக் காத்திருக்க முடியும். விலை இறங்கும்வரை இருப்பதை வைத்து ஓட்டலாம். யாரோ கழித்துவிட்ட இயந்திரத்தின் பழைய பலகையைக் குறைந்த விலைக்கு வாங்கிச் செருகலாம். ரேம் பலகையில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. பழையது என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. எஸ்.எஸ்.டி.யைப் பழையதாக வாங்காதீர்கள். அது எழுத எழுதத் தேயும் பொருள்.

தேயும் என்றதும் நினைவுக்கு வருகிறது. கூட்டிக்கொள்ளும் வசதியைப் பற்றியே பேசுகிறோம். பழுது பார்க்கும் வசதியும் அதே திருகாணியில்தான் இருக்கிறது. மிக மலிவான சிறு பெட்டிகளில் 64 ஜி.பி. 'இ.எம்.எம்.சி.' என்றொரு சேமிப்புச் சில்லை ஒட்டிவைத்திருப்பார்கள். அது செத்தால், வேறு வழி வைக்காத பெட்டி அதோடு சாகும். நம் பகுதியின் செம்மண் தூசியையும் சேர்த்து எண்ணுங்கள். விசிறி ஓடும் எந்தப் பெட்டியும் ஓராண்டில் உள்ளே செம்மண் தரையாகிவிடும். சித்திரை வெயிலில் சூடேறித் தானே நின்றுவிடும். மூடியைத் திறந்து தூரிகையால் தட்டிவிட முடிந்தால் மறுபடி ஓடும். திறக்கவே முடியாத பெட்டி சென்னையில் வேண்டுமானால் உழைக்கலாம். இலுப்பூரில் உழைக்குமா என்பது ஐயமே.

பெட்டிக்கு வெளியே உள்ள செலவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திரை, விசைப்பலகை, சுட்டி, யு.பி.எஸ். இவை சேர்ந்தால் பெட்டியின் விலையில் பாதியாகிவிடும். 2006-க்குப் பின் அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வீட்டில் இருக்கிறதே, அதையே திரையாக்கலாமா என்று கேட்ட நண்பர் உண்டு. அதில் எச்.டி.எம்.ஐ. கம்பி செருக இடமில்லை நண்பரே! ஆனால் நல்ல திரை ஒன்றை வாங்கிவிட்டால் அது இரண்டு மூன்று பெட்டிகளின் காலத்தையும் தாண்டி உழைக்கும். மடிக்கணினியில் திரை, மின்கலம், செயலி எல்லாம் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகச் சாகின்றன. மேசைக் கணிப்பொறியில் ஒவ்வொன்றும் தன் தன் ஆயுளை வாழும். சிறு பெட்டிக்கு மின்செலவும் குறைவு. சாதாரண வேலையில் 15 வாட் என்று கொண்டால், நாளுக்கு 6 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 5.4 யூனிட். பழைய கோபுரப் பெட்டி 60 வாட் என்றால் 21.6 யூனிட். மின்சாரம் நின்றால் மட்டும் மடிக்கணினிக்காரர் நம்மைப் பார்த்துப் புன்னகைப்பார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் வாரக்கணக்கில் இருட்டில் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அரசு மடிக்கணினி கையில் உள்ளவர் அதை வைத்தே படிப்பை முடிக்கலாம்; அவசரப்பட்டுப் பெட்டி வாங்க வேண்டாம்.

இதுவரை சொன்னவை வீட்டுக்கு. இனிச் சொல்வதைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொன்ன கணக்கு, ஒரு பெட்டிக்குப் பொருந்துவதைவிட முப்பது பெட்டிக்கு நன்றாகப் பொருந்தும். ஆய்வகத்தில் முப்பது திறந்த பெட்டிகளில் மூன்று பழுதானால், ஒன்றின் ரேமையும் மற்றொன்றின் எஸ்.எஸ்.டி.யையும் எடுத்து இரண்டை உயிர்ப்பித்துவிடலாம். மூடிய பெட்டி மூன்று பழுதானால் மூலையில் மூன்று பெட்டி.

அரசுக் கல்லூரியில் பொருள் வாங்குவது நம் வீட்டில் வாங்குவது போலன்று. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, கேட்ட தகுதிகள் உள்ளவற்றுள் குறைந்த விலைக்கே முன்னுரிமை. முறையான சட்டம், அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விவரக்குறிப்பில் 'ரேம் 8 ஜி.பி.' என்று மட்டும் எழுதியிருந்தால், ஒட்டிவைத்த 8 ஜி.பி.யும் தகுதி உள்ளதே. அது நூறு ரூபாய் குறைவென்றால் அதுதான் வரும். பெட்டி வந்து இறங்கியபின் 'ஸ்லாட் இல்லையே' என்று வருந்திப் பயனில்லை. கேட்காததை அவர் கொடுக்கவில்லை, அவ்வளவே. குற்றம் விற்றவருடையதன்று. விலையை மட்டும் பார்க்கும் சட்டத்துக்குள் ஆயுளையும் பார்க்க வைக்கும் ஒரே இடம் அந்த விவரக்குறிப்புத் தாள். அதை எழுதும் பேனா ஆசிரியர்களின் கையில் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை எந்தத் துறை கணிப்பொறி வாங்கினாலும் அந்தத் தாளில் இந்த நான்கு வரிகள் இடம்பெற வேண்டுமென்று மாணவர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நினைவகம் 8 ஜி.பி., சோடிம் ஸ்லாட் இரண்டு, அவற்றில் ஒன்று காலியாக இருத்தல் வேண்டும். சேமிப்பகம் கழற்றக்கூடிய எம்.2 பலகையாக இருத்தல் வேண்டும். செயலி, வாங்கும் நாளில் விற்பனையில் உள்ள தலைமுறைக்கு ஒன்றுக்கு மேல் பிந்தியதாக இருத்தல் கூடாது. உத்தரவாதக் காலத்திலும், கல்லூரியே மூடியைத் திறந்து ரேம் சேர்க்கவும் தூசி நீக்கவும் விற்பவர் எழுத்தில் இசைவு தர வேண்டும். இடமிருந்தால் கடைசியில் ஒரு நட்சத்திரத் தலைத் திருப்புளியையும் சேர்த்து எழுதுங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்; கல்லூரியால் இயலாதென்றால் எங்கள் வகுப்பே காசு போட்டு வாங்கித் தருகிறது.